நரம்பும் தசையும் கூடும் இடம்



அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. குடல்வாலை அறுத்து எடுத்துத் தையலும் போட்டாயிற்று. மயக்க மருந்தை நிறுத்திவிட்டு, நோயாளி தாமே மூச்சு விடுவாரென்று மருத்துவர் காத்திருக்கிறார். ஐந்து நிமிஷம் கழிகிறது. பத்து நிமிஷம் கழிகிறது. நாடி ஒழுங்காக அடிக்கிறது. இரத்த அழுத்தத்தில் குறைவில்லை. ஆனால் மார்பு அசையவில்லை. கண்ணிமை திறக்கவில்லை. காற்றுப் பையை ஒருவர் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் உறவினர், 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று தாதியரிடம் கேட்கத் தொடங்குகின்றனர். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ சென்ற பின், விரல் ஒன்று மெல்ல அசைகிறது. பிறகு மூச்சு வருகிறது. மறுநாட் காலையில் அவர் கஞ்சி குடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்!

இது பேச்சுக்காக நான் கட்டிய கதையன்று. சக்சமெத்தோனியம் என்னும் மருந்து அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் புகுந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே பல நாட்டு மருத்துவர்களும் கண்டு திகைத்த நிகழ்ச்சி இது. நம் நாட்டு மருத்துவமனைகளில் அம்மருந்தை ஸ்கோலின் என்ற வணிகப் பெயராலேயே பெரும்பாலும் வழங்குவார்கள். எல்லாருக்கும் ஐந்து பத்து நிமிஷங்களில் தெளிகின்ற மருந்து, யாரோ ஒருவருக்கு மட்டும் மணிக்கணக்கில் தெளியாமல் நிற்பது ஏன்? இக்கேள்வியைத்தான் இன்று உங்களோடு ஆராயப் போகிறேன்.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இப்பொருளைத் தேர்ந்தேன். உங்களைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், 1823 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது. 1964 இல் இப்பெயரைப் பெற்றது. அரியூரிலும், கிருமாம்பாக்கத்திலும், பிள்ளையார்குப்பத்திலும் வயற்காட்டை ஒட்டியே கல்லூரி மருத்துவமனைகள் எழுந்துள்ளன. ஆகவே உங்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் மயக்க மருந்து பெற்றிருப்பார். ஆனால் காரணம் அது மட்டுமன்று. தென்னமெரிக்கக் காட்டு வேடனின் அம்பு நஞ்சு, அறுவைக் கூடத்து ஸ்கோலின், பாகூர் நெல்வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து, அதே வயல் வரப்பில் ஊரும் கட்டுவிரியனின் விஷம் ஆகிய இந்த நான்கும் மனித உடம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு. நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடம் அது.

கையை மடக்க வேண்டுமென்று மூளை நினைக்கிறது. அந்த ஆணை நரம்பு வழியே மின்துடிப்பாக ஓடிவருகிறது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. இடையே மயிரிழையினும் மிக மெல்லிய இடைவெளி உண்டு. மின்துடிப்பு அதைத் தாண்டாது. ஆகவே நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்னும் ஒரு வேதிப்பொருளைச் சிந்துகிறது. அது தசையின் மீதுள்ள பற்றிடங்களில் போய்ப் பொருந்துகிறது, தசை சுருங்குகிறது. பாகூர் ஏரிப் பாசனம் அறிந்த உங்களுக்கு இதனை மடையென்று சொன்னால் எளிதில் விளங்கும். அசிட்டைல்கோலின் மடையைத் திறக்கும் ஆள். ஆனால் திறந்த மடையை யாரேனும் அடைக்கவும் வேண்டுமல்லவா? இல்லையேல் அடுத்த முறை திறப்பதற்கு ஒன்றுமிராது. அடைக்கும் வேலையைச் செய்வது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. அது அசிட்டைல்கோலினைக் கணப்பொழுதில் சிதைத்துவிடுகிறது. திறப்பும் அடைப்பும் இடையறாது நடப்பதனால்தான் நான் இப்போது நாவை அசைத்துப் பேசுகிறேன். நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு கேட்கிறீர்கள். நரம்புகள் வேதிப்பொருளின் துணையால் செய்தி அனுப்புகின்றன என்பதை 1921 இல் தவளை இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தவர் ஆட்டோ லோவி. அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடுக்கு இருக்கிறதென்பதைக் குறிப்பால் உணர்ந்தவர் அவர்களுக்கும் முந்திய ஒரு பிரெஞ்சுப் பேரறிஞர். கிளோத் பெர்னார் என்பது அவர் பெயர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் செய்த சோதனை இன்றும் அழகு குன்றாதது. தென்னமெரிக்கப் பழங்குடி வேடர்கள் அம்பு முனையில் தடவும் குராரே என்ற நஞ்சு அவர் கைக்கு வந்தது. ஒரு தவளையின் பின்னங்கால் ஒன்றுக்கு மட்டும் இரத்தம் செல்லாதபடி கட்டினார், நரம்பை விட்டுவிட்டார். பின்பு தவளைக்குக் குராரேயைச் செலுத்தினார். உடம்பு முழுவதும் துவண்டது. இரத்தம் செல்லாத அந்த ஒரு காலுக்கு மட்டும் நஞ்சு போய்ச் சேரவில்லை. இப்போது துவண்டு கிடக்கும் உடம்பில் ஓரிடத்தைக் கிள்ளினார். என்ன ஆயிற்று? கட்டிய கால் துடித்தது! நஞ்சு பாய்ந்த உடம்பு வலியை உணர்ந்தது. செய்தி தண்டுவடம் வரை சென்று மீண்டது. நஞ்சு தொடாத கால் ஒன்றுதான் அதனை வெளிக்காட்ட முடிந்தது. ஆக, குராரே உணர்ச்சியைக் கொல்வதில்லை; அசைவை மட்டுமே கொல்கிறது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகிறேன். அசைவற்ற உடம்பினுள்ளே உணர்வு விழித்திருக்கக்கூடும் என்பது, ஒரு தவளையின் காலைக் கொண்டு தெரிந்த உண்மை. மருத்துவ உலகம் இதனை முழுமையாக ஏற்க மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. 1942 சனவரி 23 ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில் ஹரோல்ட் கிரிஃபித் என்பவரும் அவருடைய துணைவரான ஈனிட் ஜான்சனும் குராரேயை அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்தினர். வயிற்றுத் தசைகள் தளர்ந்து கொடுத்தமையால் அறுவை மருத்துவருக்கு வேலை எளிதாயிற்று. மயக்க மருந்தின் அளவும் குறைந்தது. அதன்பின் சிலர், குராரே ஒன்றே மயக்கத்தையும் தரும் போலும் என்று எண்ணத் தலைப்பட்டார்கள். அசையாதவன் உணராதவன் என்பது மனிதனின் பழைய எண்ணமன்றோ!

இதற்கு விடை கண்டவர் ஸ்காட் ஸ்மித் என்னும் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். அவர் விலங்கைத் தேடவில்லை, தாமே படுத்துக்கொண்டார். மயக்க மருந்து எதுவும் இல்லாமல், தம் உடம்பின் ஒவ்வொரு தசையும் செயலற்றுப் போகும் வரை குராரேயை ஏற்றச் சொன்னார். மூச்சும் நின்றது, உடனிருந்தோர் அவருக்குக் காற்றுக் கொடுத்தனர். தெளிந்து எழுந்த பின், தம்மைச் சுற்றி நடந்தவற்றையும் பேசியவற்றையும் அவர் சொல்லிக் காட்டினார். அறிவு ஒரு நொடியும் மங்கவில்லை. 1947 இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, தசைத் தளர்ப்பு மருந்து வேறு, மயக்க மருந்து வேறு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. இதனைப் படிக்கும்போதெல்லாம் நான் அவருடைய அறிவைவிட நெஞ்சுரத்தையே வியக்கிறேன்.

இனிச் சக்சமெத்தோனியத்துக்கு வருவோம். அதன் தசைத் தளர்ப்புத் தன்மையை 1949 இல் எடுத்துக்காட்டியவர்களுள் டேனியல் போவே முதன்மையானவர். 1957 இல் நோபல் பரிசு பெற்றவர். 1951 முதல் அது மருத்துவமனைகளில் பரவியது. அதன் அமைப்பு வேடிக்கையானது. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை முதுகோடு முதுகாக ஒட்டினால் அதுவே சக்சமெத்தோனியம். ஆகவே தசை அதனைத் தன் ஆளென்றே நம்பி மடையைத் திறந்துவிடுகிறது. உடம்பெங்கும் தசைகள் ஒரு கணம் அலையலையாகத் துடிக்கின்றன. ஆனால் திறந்த மடை மூடுவதில்லை. ஆகவே மறு ஆணை எதுவும் செல்லாது. ஒரு நிமிஷத்துக்குள் உடம்பு முற்றும் தளர்ந்துவிடும். மூச்சுக்குழலுள் குழாய் செருக அதுவே தக்க தருணம். சிகிச்சைக்கு மறுநாள் சிலர், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற் போல் வலிக்கிறதென்று சொல்வது, பெரும்பாலும் அந்த ஒரு கணத் துடிப்பின் பயன்.

இம்மருந்தைச் சிதைப்பது தசையருகே உள்ள நொதியன்று. இரத்தத்தில் மிதக்கும் அதன் உடன்பிறப்பாகிய பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். ஈரல் அதனைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. ஊசி வழியே ஏற்றிய மருந்தின் பெரும்பகுதியை, அது தசையைச் சென்று சேருமுன்பே இந்நொதி அழித்துவிடும். எஞ்சிய சிறுபகுதிதான் நாம் காணும் வேலையைச் செய்கிறது. மருத்துவர் கொடுக்கும் அளவே இந்த அழிவை எண்ணிக் கொடுக்கும் அளவு. நொதி இல்லாத ஒருவருக்கு அதே அளவைக் கொடுத்தால்? வழியில் காவல் இல்லை. மருந்து முழுதும் தசையைப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அதனை விரைவில் அகற்றவும் வழியில்லை. முதலிற் சொன்ன நோயாளியின் நிலை இதுவே. மருத்துவர் அளவு தவறிக் கொடுக்கவில்லை. நோயாளியின் நரம்பிலும் மூளையிலும் தசையிலும் ஒரு குறையும் இல்லை. இரத்தத்தில் ஒரு நொதி இல்லை, அவ்வளவே.

அக்குறை பிறப்பிலேயே வருவது என்பதை விளக்கியவர் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்த வெர்னர் காலோ. 1957 இல் அவரும் அவருடைய துணைவரும் எளிய சோதனை ஒன்றை வகுத்தார்கள். டிபூக்கேன் என்னும் மருந்தைச் சேர்த்தால், இயல்பான நொதியின் ஆற்றல் நூற்றுக்கு 80 பங்கு குன்றும். திரிந்த நொதியின் ஆற்றல் 20 பங்கே குன்றும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு மரபுப் படிகள் வருகின்றனவல்லவா? அவற்றுள் ஒன்று மட்டும் திரிந்திருந்தால் 60 பங்கு. இந்த எண்களைக் கொண்டு ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு அபாயம் உண்டென்று சொல்லிவிடலாம். ஒருவருக்கு அமுதமாகும் மருந்து மற்றொருவருக்கு ஏன் நஞ்சாகிறது என்பதைப் பரம்பரையால் விளக்கும் கல்வித்துறை ஒன்று இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்து தோன்றியது.

ஐரோப்பியரிடையே இந்நொதி அடியோடு இல்லாதவர்கள் இலட்சத்துக்கு ஒருவர் அளவிலேயே உளர். நம் தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தாரிடையே நூற்றுக்குச் சிலர் என்ற அளவில் அக்குறை காணப்படுகிறது. 1970-களின் இறுதியிலேயே இது வெளியாயிற்று. கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்து இரத்தினம் பூபதியும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஒக்ஸானா லாக்ரிட்ஜ் முதலியோரும் சேர்ந்து, 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் அதன் காரணத்தைக் காட்டினார்கள். 574 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை அந்நொதியின் ஓர் இழை. அதில் 307 ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். இவர்களிடம் புரோலின் இருக்கிறது. ஒரே ஒரு மணி மாறியதால் மாலையே உருக்குலைகிறது. இன்னொன்றையும் அவ்வாய்வாளர் கண்டார்கள். நொதி இல்லாத அம்மக்கள் மற்றபடி நல்ல நலத்தோடு வாழ்கிறார்கள். அறுவைக் கூடத்தில் இந்த ஒரு மருந்தை ஏற்றும் வரை அக்குறை அவர்களுக்கே தெரியாது.

இதனைக் கேட்டு எவரும் ஒரு சமூகத்தைக் குறையுடையதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு குலத்துக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக மணவுறவு கொண்டு வந்தமையால், அவ்வக் குலத்திலும் ஏதேனும் ஒரு திரிபு சேர்ந்து நிற்கிறது. ஐதராபாதிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் அவர்களும், அமெரிக்காவின் டேவிட் ரைக்கும், பிறரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட குழுக்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 81 குழுக்களில் இத்தகைய நெருக்கம் மிகுதியாக இருப்பதைக் கண்டது. வைசியரிடம் அது மருந்தினால் வெளிப்பட்டது. மற்றவரிடம் வேறு வழியால் வெளிப்படலாம். நம் ஊர்களிலோ, குலம் எதுவாயினும், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே பாட்டனிடமிருந்து ஒரே திரிபைப் பெற்றிருப்பது அங்கே எளிது. அவ்விருவருக்கும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, இரண்டு திரிந்த படிகளும் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

பிறவியில் நொதி இருந்தும் அதனை இழப்பவர்களும் உளர். இங்கேதான் பாகூர் வயல் வருகிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியைக் கொல்வது எப்படி? மடையை அடைக்கும் நொதியைக் கட்டிப்போட்டுத்தான். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்நொதி பெரிதும் ஒத்தது. ஆகவே அம்மருந்து உள்ளே சென்றவருக்கு வாயில் எச்சில் ஊறி வழிகிறது, கண்மணி சுருங்குகிறது, தசை துடிக்கிறது, பின்பு தளர்ந்து மூச்சு நிற்கிறது. இக்குலத்து மருந்துகளில் மீதைல் பாரத்தியான், டைக்குளோர்வாஸ், போரேட், டிரைஅசோபாஸ் முதலிய சிலவற்றை 2018 ஆம் ஆண்டின் ஆணையால் இந்திய அரசு படிப்படியாகத் தடை செய்தது. எல்லாம் போய்விடவில்லை. முகத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நாள்தோறும் மருந்தடிக்கும் தொழிலாளிக்கு நோய்க்குறி ஒன்றும் தோன்றாமலே இரத்தத்தின் நொதி குறைந்திருக்கலாம். அது மீண்டும் நிறைவதற்கு வாரக்கணக்காகும். அந்த நிலையில் அவருக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை நேர்ந்து, ஸ்கோலின் ஏற்றினால், பிறவிக் குறையுள்ளவரைப் போலவே அவரும் நெடுநேரம் மூச்சின்றிக் கிடக்கக்கூடும். 'சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா' என்று கேட்டால் நம் உழவர் விடை சொல்வார். 'நேற்று வயலுக்கு மருந்தடித்தீரா?' என்று கேட்டால் வியப்போடு பார்ப்பார். கேட்கும் மருத்துவர் நல்லவர். கேளாமலே சொல்லும் மகனோ மகளோ அவரினும் நல்லவர்.

கட்டுவிரியனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தரையில் பாய் விரித்துத் துயில்பவரை அது இரவில் கடிக்கிறது. பெரும்பாலும் வலி இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் கண்ணிமை கனத்துத் தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, பின்னர் மூச்சு நிற்கும். அதன் விஷம் நரம்பு நுனியையே சிதைத்து, அசிட்டைல்கோலின் வெளிவராதபடி செய்துவிடுகிறது. கண்மணியும் விரிந்து அசைவற்றுப்போவதுண்டு. பார்ப்பவர் மூளையே இறந்துவிட்டதென்று எண்ணிவிடுவர். ஆனால் ஸ்காட் ஸ்மித் கிடந்தாரே, அதே நிலைதான் இது. மூச்சுக் கருவியில் சில நாள் வைத்துக் காத்தால் அவர் எழுந்து நடப்பார். அவர் கட்டிலருகே நின்று, 'எல்லாம் முடிந்துபோயிற்றே!' என்று அழுகிறோமே, அது அவர் காதில் விழக்கூடும். பெயர் சொல்லி அழைத்து, 'நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள். அசைவு வந்துவிடும்' என்று சொல்லுவது நோயாளிக்கும் நன்று, நமக்கும் நன்று.

ஓர் இடைச்செருகல். நம் ஊர்களில் மயக்க ஊசி என்றவுடன் அஞ்சுவது முதுகில் போடும் ஊசியைத்தான். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையின்போது போட்ட ஊசியால்தான் பத்து ஆண்டுகளாக இடுப்பு வலிக்கிறதென்று சொல்லாத தாய்மார் குறைவு. ஊசிக்குப்பின் சில நாள் தலைவலி வருவதுண்டு, அது மெய். நெடுநாள் இடுப்புவலிக்கு அவ்வூசியே காரணமென்பதை ஆராய்ச்சிகள் ஒப்பவில்லை. குனிந்து நிமிர்ந்து உழைக்கும் வாழ்வும், பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதும் போதிய காரணங்களாகும். அதனை வேறொரு நாள் விரிவாகப் பேசலாம். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதற்காகவே இங்குக் குறித்தேன்.

ஸ்கோலின் தெளியாத நோயாளிக்கு மாற்று மருந்து தேடி மருத்துவர் அலைவதில்லை. மூச்சுக் கருவியை ஓட விடுகிறார்; அதனோடு உறக்க மருந்தையும் தொடர்கிறார். இந்த இரண்டாவது செயலே பெரிது. உறக்கத்தை நிறுத்திவிட்டால் நோயாளி விழித்துக்கொண்டு, விரலையும் அசைக்க முடியாமல், மூச்சும் தன் வசமின்றி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்க நேரிடும். அவ்வாறு கிடந்தெழுந்தவர்கள் பல்லாண்டுகள் உறக்கமின்றித் துன்புற்றதுண்டு. நரம்பு தூண்டும் சிறு கருவியை மணிக்கட்டில் வைத்துக் கட்டை விரல் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து, தசை மீண்ட பின்னரே உறக்க மருந்தை நிறுத்துவார்கள்.

இம்மருந்தை விட்டுவிடலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ரோகுரோனியம் என்ற மருந்து இப்போது உண்டு. அதனை உடனே நீக்கவல்ல சுகமாடெக்ஸ் 2008 இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. நொதிக் குறையுள்ளவருக்கு இவ்விரண்டையும் அச்சமின்றிக் கொடுக்கலாம். ஆயினும் வயிறு நிறைய உண்ட நிலையில் விபத்துக்குள்ளாகி வருபவருக்கு, ஒரு நிமிஷத்துக்குள் தொண்டையைத் தளர்த்திக் குழாய் செருகி, உணவு நுரையீரலுக்குள் போகாமல் காக்க வேண்டும். அந்த வேலைக்கு ஸ்கோலின் இன்றும் கைகொடுக்கிறது; விலையும் குறைவு. அதனால் உயிர் பிழைத்தவர்களின் தொகை, அதனால் துன்புற்றவர்களின் தொகையைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது என் கருத்து.

உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும், 'சிகிச்சைக்குப் பின் மூச்சு வர நேரமாயிற்று, கருவியில் வைத்திருந்தார்கள்' என்று பேச்சு உண்டா என விசாரியுங்கள். பெரும்பாலும் அது, 'டாக்டர் மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார்' என்ற மனக்குறையாகவே வீட்டில் நினைவிருக்கும். உடன்பிறந்தாருக்கும் அதே அபாயம் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தகையவரின் அண்ணன், தம்பி, அக்காள், தங்கையர் தம் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குறைவென்று கண்டால், சக்சமெத்தோனியம் கூடாது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சிறு அட்டை ஒன்றை மருத்துவரிடம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். மைவாக்கூரியம் என்ற மற்றொரு மருந்தும் இதே நொதியால்தான் சிதைகிறது. அதன் பெயரையும் அட்டையில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.